பேசும் பெட்டிக்குக் கடிவாளம்

வானொலிப் பெட்டியின் குமிழைத் திருகிச் சப்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் பழகிவிட்ட நாம், அப்படியொரு குமிழே இல்லாத காலத்தில், மின்சாரத்தின் உதவி சிறிதுமின்றி, பித்தளையையும் மரத்தையும் மெழுகையும் அப்பிரகத்தையும் மட்டும் துணையாகக் கொண்டு ஒரு மனிதக் குரலைப் பிடித்து வைத்து, வேண்டும்போது ஒரு கூடம் நிறையக் கேட்கும்படி அதை எழுப்பிக் காட்டினார்கள் என்பதன் அருமையை எளிதில் உணர்வதில்லை. இன்றைய ஒலிபெருக்கியின் வேலை, உள்ளே வரும் நுண்ணிய மின்னோட்டத்தைக் கொண்டு வெளியிலிருந்து கிடைக்கும் பெரியதொரு சக்தியை ஆட்டிவைப்பது; வருவது எவ்வளவு சிறிதாயினும் வெளிப்படுவதை நம் இஷ்டப்படி பெருக்கிக்கொள்ளலாம். போனோகிராப்பிலும் அதன்பின் வந்த கிராமபோனிலும் அந்த வசதி கிடையாது. கேட்பவர் காதை வந்தடைந்த நாதம் முழுவதும், சுழன்றுகொண்டிருந்த உருளையின் அல்லது தட்டின் இயக்கத்திலிருந்து முள்ளின் நுனி வழியாகப் பறித்தெடுக்கப்பட்டதே. பாட்டு உரத்து எழும்பினால் அதற்கான கிரயத்தை அந்தக் கணமே சுழலும் சக்கரம் கொடுத்தாக வேண்டும். இந்த ஒரு விஷயத்தை மனத்தில் பதித்துக்கொண்டால், 1877 முதல் 1925 வரை ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் கருவிக் கைவினைஞர்கள் எதற்காக ஒரு திருகாணிக்கும் ஒரு ரப்பர் வளையத்துக்கும் ஒரு குழாயின் வளைவுக்கும் அத்தனை பாடுபட்டார்கள் என்பது விளங்கும். ஒலியை அடக்கி ஆள்வதற்கென்று அவர்களிடம் தனிக்கருவி எதுவும் இல்லை. யந்திரத்தை எப்படிக் கட்டினார்களோ அப்படித்தான் ஒலி வந்தது.

ஒலியின் அசைவை வரைந்து காட்டலாம் என்ற எண்ணம் எடிசனுக்கு முந்தியது. பாரிஸில் ஸ்காட் த மார்ட்டின்வீல் என்பவர் 1857-இலேயே, புகைக்கரி படிந்த பரப்பின்மீது மெல்லிய முள்மயிர் ஒன்றைக் கொண்டு குரலின் அலைவடிவத்தைக் கோடிட்டுக் காட்டும் கருவிக்கு உரிமை பெற்றிருந்தார். வரைந்ததைத் திரும்பப் பேசவைக்கும் உத்தேசம் அவருக்கு இருக்கவில்லை. அதே நாட்டுக் கவிஞர் ஷார்ல் க்ரோ, பேசவைக்கும் வழியையும் 1877 ஏப்ரலில் எழுதி விஞ்ஞானக் கழகத்தில் ஒப்படைத்தார். கருவியைச் செய்து பார்க்கும் வாய்ப்பு அவருக்கு முன்னதாகக் கிட்டவில்லை. அவ்வாண்டு முடிவதற்குள், அமெரிக்காவில் நியூ ஜெர்ஸி ராஜ்யத்து மென்லோ பார்க்கில், தாமஸ் ஆல்வா எடிசன் கொடுத்த படத்தைப் பார்த்து ஜான் க்ரூஸி என்ற தேர்ந்த கம்மியர் செய்து முடித்த யந்திரம் உண்மையிலேயே பேசிவிட்டது. போனோகிராப் எனப்பட்ட அதற்கு 1878 பிப்ரவரி 19-ஆம் தேதி எடிசனுக்கு உரிமைப் பட்டயம் வழங்கப்பட்டது.

அந்த முதல் யந்திரத்தின் அமைப்பு மிக எளியது. சுற்றிலும் திருகுவரி வெட்டிய ஒரு பித்தளை உருளை. அதே நெருக்கத்தில் வரி வெட்டப்பட்ட ஓர் அச்சு. உருளையின்மேல் இழுத்துச் சுற்றிய வெள்ளீயத் தாள். ஊதுவாய்க்குப் பின்னால் ஒரு மெல்லிய அதிர்தகடு. அதன் நடுவிலிருந்து நீண்டு தாளைத் தொடும் ஒரு முள். கைப்பிடியைச் சுழற்றிக்கொண்டே ஊதுவாயில் உரக்கப் பேசினால், தகடு துடிக்கும் துடிப்புக்கேற்ப முள் தாளை மேலும் கீழுமாக அழுத்திப் பள்ளமும் மேடுமாக ஒரு சுவட்டை இட்டுச் செல்லும். உருளையைத் தொடக்கத்துக்குத் திருப்பிக்கொண்டு வந்து, முள்ளை அதே சுவட்டில் வைத்து மீண்டும் சுழற்றினால், முன்பு தகடு முள்ளை ஆட்டியதற்கு மாறாக இப்போது முள் தகட்டை ஆட்டும். பேசிய பேச்சு திரும்ப வரும். ஆனால் எத்தனை முறை வரும்? வெள்ளீயத் தாளின் மென்மையே பதிவைச் சாத்தியமாக்கியது. அந்த மென்மையே பதிவை அழிக்கவும் செய்தது. ஒவ்வொரு முறை முள் ஊர்ந்து செல்லும்போதும் மேடுகள் நசுங்கின. சில முறை கேட்பதற்குள் குரல் மங்கிவிட்டது. உருளையிலிருந்து கழற்றிய தாளை மறுபடி பொருத்திக் கேட்பதோ பெரும்பாலும் ஆகாத காரியம்.

தாளின் குறை கண்ணுக்குத் தெரிந்த குறை. காதுக்குத் தெரிந்த குறை, கையால் சுழற்றுவதிலிருந்து வந்தது. சுழற்சியின் வேகம் நூற்றுக்கு ஆறு பங்கு கூடிவிட்டால், நம் சங்கீத வழக்கில் சொல்வதானால், பாட்டின் ஆதார சுருதியே ஒரு ஸ்வரஸ்தானம் மேலேறிவிடும். அது போகட்டும், மெதுவாக ஏறினால் காது ஒருவாறு பொறுத்துக்கொள்ளும். ஒரே சுற்றுக்குள் கை தளர்ந்தும் விரைந்தும் மாறுமாயின், அசையாமல் நிற்க வேண்டிய ஷட்ஜமும் பஞ்சமமும் நின்ற இடத்தில் நில்லாமல் ஊசலாடும். பேச்சு இந்த ஊசலாட்டத்தைத் தாங்கிப் பிழைக்கும், சங்கீதம் பிழைக்காது. பார வளையம் பூட்டி ஓரளவு சமாளித்தார்கள். லண்டனில் அகஸ்டஸ் ஸ்ட்ரோ என்ற நுண்கருவி வல்லுநர் 1878-இலேயே, கீழிறங்கும் எடை ஒன்றால் தானே ஓடும் வெள்ளீயத் தாள் யந்திரத்தை, வேகத்தைச் சீராக வைக்கும் அமைப்புடன் கட்டிக் காட்டினார். எடை இறங்கும்போது அதன் இழுவிசை முதலிலும் முடிவிலும் மாறாதிருப்பதால், கொள்கையளவில் அதைவிடச் சிறந்த உந்துசக்தி வேறில்லை. வீட்டு மேஜைமேல் வைக்க வேண்டிய சாதனத்துக்குத்தான் அது பொருந்தவில்லை. கடிகாரக் கலையில் ஊறிய ஒருவர், புதுமையின் ஆரவாரம் அடங்குமுன்பே, குறையின் வேரைச் சரியாகக் கண்டுகொண்டார் என்பது பாராட்டுக்குரியது.

எடிசன் மின்விளக்கின் பின்னால் போய்விட, போனோகிராப் ஏறக்குறைய பத்து ஆண்டுகள் காட்சிச் சாலைப் பொருளாகக் கிடந்தது. அதை மீட்டவர்கள் வாஷிங்டனில் வோல்ட்டா ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய சிச்செஸ்டர் பெல்லும் சார்ல்ஸ் சம்னர் டெய்ன்ட்டரும் ஆவர். டெலிபோனுக்காக அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல்லுக்குப் பிரெஞ்சு அரசாங்கம் 1880-இல் அளித்த 50,000 பிராங்க் பரிசே அந்த ஆய்வுக்கூடத்தின் மூலதனம். அவர்கள் செய்த முக்கிய மாற்றங்கள் இரண்டு. தாளை அழுத்துவதற்குப் பதிலாக மெழுகைச் செதுக்கினார்கள். அழுத்தும்போது பொருள் ஒதுங்கிப் பக்கங்களில் பிதுங்கும், செதுக்கும்போது பொருள் சுருளாக வெளியேறிச் சுவடு துப்புரவாக நிற்கும். இதற்கு 1886-இல் உரிமை பெற்றார்கள். மற்றொன்று, என் கருத்தில் இதைவிட நுட்பமானது: ஒலியை மீட்கும் முள்ளை இறுகப் பொருத்தாமல், சுவட்டை அதுவே தேடிப் பொருந்திக்கொள்ளும்படி தளர்வாகத் தொங்கவிட்டார்கள். எடிசனின் முதல் யந்திரத்தில் உருளை அணுவளவு கோணியிருந்தாலும் முள் ஓரிடத்தில் அழுந்தும், ஓரிடத்தில் அந்தரத்தில் நிற்கும். தளர்ந்து தொங்கும் முள்ளோ மேட்டோடு மேடாக எழுந்து பள்ளத்தோடு பள்ளமாக இறங்கும். வேகமான ஒலித்துடிப்புகளுக்கு மட்டும் அதன் பளு இடங்கொடாது, அந்தத் துடிப்புகள் தகட்டுக்குச் செல்லும். மெதுவான அசைவுக்கு இணங்கி விரைவான அசைவை எதிர்த்து நிற்கும் இந்தத் தந்திரம், பின்னால் வந்த ஒவ்வொரு யந்திரத்திலும் ஏதாவதொரு வடிவில் இடம்பெற்றிருக்கிறது.

கிராபோபோன் என்று அவர்கள் பெயரிட்ட யந்திரம், ஆறு அங்குல நீளமுள்ள அட்டைக் குழலின்மேல் மெழுகு பூசிய உருளையைப் பயன்படுத்தியது. தையல் யந்திரத்தைப் போலவே காலால் மிதித்து ஓட்டப்பட்டது. இதைக் கண்டு விழித்துக்கொண்ட எடிசன், 1888-இல் அட்டை இல்லாத முழு மெழுகு உருளையோடும் மின்கலத்தால் ஓடும் மோட்டாரோடும் தமது திருத்திய போனோகிராப்பைக் கொண்டுவந்தார். மெழுகு கனமாயிருந்ததால், பழைய பதிவைச் சீவி எறிந்துவிட்டு அதே உருளையில் மறுபடி பதிக்க முடிந்தது. நாளடைவில் நிலைத்த உருளையின் அளவு 2¼ அங்குல விட்டமும் 4¼ அங்குல நீளமும். ஓர் அங்குலத்துக்கு 100 சுவடுகள். நிமிஷத்துக்கு 160 சுற்று என்ற வேகம் பின்னரே உறுதிப்பட்டது. மெழுகு தெளிவைத் தந்தது, உரத்தைத் தரவில்லை. கேட்போர் ரப்பர்க் குழாய்களைக் காதில் செருகிக்கொண்டு கேட்டார்கள். 1889 நவம்பரில் ஸான்பிரான்ஸிஸ்கோ நகரத்து மதுக்கடை ஒன்றில் காசு போட்டால் பாடும் போனோகிராப்பை லூயி கிளாஸ் என்பவர் நிறுவியபோது, அதிலும் காதுக் குழாய்களே இருந்தன. பழைய படங்களில் நான்கைந்து பேர் ஒரே யந்திரத்தைச் சுற்றிக் குழாய் மாட்டிக்கொண்டு நிற்பதைக் காணும்போது, அது அக்காலத்து நாகரிகம் என்று நாம் எண்ணிவிடுகிறோம். மெழுகுச் சுவட்டிலிருந்து கிடைத்த சக்தி அத்தனை சிறிதாயிருந்தது என்பதே காரணம்.

இதற்கிடையில் எமில் பெர்லினர் என்பவர் வேறு பாதையில் போய்க்கொண்டிருந்தார். ஜெர்மனியில் ஹானோவர் நகரத்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய இவர், முள்ளை மேலும் கீழும் அசையவிடாமல் பக்கவாட்டில் நெளிய விட்டார். உருளையைக் கைவிட்டுத் தட்டையான வட்டத் தகட்டை எடுத்துக்கொண்டார். 1887-இல் உரிமை பெற்று, 1888 மே 16-ஆம் தேதி பிலடெல்பியாவில் பிராங்க்ளின் நிலையத்தார் முன்னிலையில் தமது கிராமபோனைக் காட்டினார். துத்தநாகத் தகட்டின்மேல் கொழுப்பு மெழுகை மெல்லியதாகப் பூசி, அதில் முள் கீறிய இடங்களை அமிலத்தால் அரித்தெடுப்பது அவருடைய முறை. அரித்த சுவட்டின் விளிம்பு சொரசொரப்பாயிருந்ததால் இரைச்சல் மிகுந்தது உண்மையே. ஆயினும் மெழுகின் மென்மையைப் பற்றிய அச்சம் அங்கே இல்லை. கெட்டியான பொருளில் அச்சிட்ட ஆழமான சுவட்டின் உறுதியான சுவர்கள் கனத்த முள்ளையும் தள்ளிச் செல்ல வல்லவை. ஆகவே அதிலிருந்து மிகுதியான சக்தியைப் பறிக்கலாம். காதுக் குழாயை எறிந்துவிட்டுப் புனலை வைத்துக்கொள்ள கிராமபோனுக்கு வழி பிறந்தது இதனால்தான்.

இன்னொரு நன்மையும் தானே வந்து சேர்ந்தது. போனோகிராப்பில் முள் உருளையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர, அதை இழுத்துச் செல்லும் தனித் திருகு தண்டு தேவைப்பட்டது. அது அணுவளவு பிசகினாலும் முள் சுவட்டைவிட்டு விலகும். கிராமபோனிலோ சுவட்டின் சுவரே முள்ளையும் அதைத் தாங்கிய பாகங்களையும் உள்நோக்கித் தள்ளிக்கொண்டு போனது. ஒரு பாகத்தைச் சேர்த்து அபிவிருத்தி செய்வது எல்லாருக்கும் தோன்றும். ஒரு பாகத்தையே தேவையில்லாமற் செய்துவிடுவது சிலருக்குத்தான் வாய்க்கும். நீதியின் பொருட்டு எதிர்க்கட்சியின் நியாயத்தையும் சொல்லிவிடவேண்டும். உருளையில் முள் செல்லும் வேகம் முதலிலும் முடிவிலும் ஒன்றே, விநாடிக்கு ஏறக்குறைய 19 அங்குலம். தட்டில் அப்படியன்று. பத்தங்குலத் தட்டு 78 சுற்று வேகத்தில் ஓடும்போது, வெளி விளிம்பருகே விநாடிக்கு 38 அங்குலத்துக்கு மேல் ஓடும் சுவடு, நடுவை நெருங்கும்போது பாதிக்கும் குறைவாகிவிடும். அங்கே நெளிவுகள் நெருக்கமாகி நுண்ணிய ஒலிகள் மங்கும். பாட்டின் உச்சம் பெரும்பாலும் முடிவில் வருவதை நினைத்தால் இது சிறிய குறையன்று. எடிசன் கடைசிவரை உருளையை விடாமற் பிடித்திருந்ததற்கு வெறும் பிடிவாதம் மட்டுமே காரணம் என்று எழுதுவோர் இதைக் கவனிப்பதில்லை.

பெர்லினரின் யந்திரம் அப்போதும் கையால்தான் சுழன்றது. இந்த இடத்தில், பொதுமக்கள் அதிகம் அறியாத, ஆனால் இக்கதையின் உண்மையான நாயகர் என்று நான் கருதும் எல்டிரிட்ஜ் ஜான்ஸன் வருகிறார். நியூ ஜெர்ஸியில் காம்டன் என்ற ஊரில் சிறிய யந்திரப் பட்டறை வைத்திருந்த அவரிடம், கிராமபோனுக்கு ஏற்ற வில் மோட்டார் ஒன்றைச் செய்து தரும் வேலை வந்தது. 1896-இல் அவர் அதைச் செய்து முடித்தார். கடிகாரத்தில் வில்சுருள் செய்யும் வேலைக்கும் இதற்கும் மிகுந்த வித்தியாசம் உண்டு. கடிகாரம் மிகச் சிறு சக்தியை ஒரு நாள் முழுவதும் துளித்துளியாகச் செலவிடுகிறது. கிராமபோனோ கனத்த முள்ளின் உராய்வை எதிர்த்து ஒரு தட்டை மூன்று நிமிஷம் சுழற்றவேண்டும். சாவி கொடுத்தவுடன் வில் மிகுந்த முறுக்குடன் இழுக்கும். அவிழ அவிழத் தளரும். இதோடு, நாம் முதலில் பார்த்த விஷயம் குறுக்கிடுகிறது: ஒலியின் சக்தி சுழற்சியிலிருந்தே எடுக்கப்படுவதால், பாடகர் தாரஸ்தாயியில் உரத்து நிற்கும் இடத்தில் முள் தட்டை அதிகமாகப் பிடித்து இழுக்கும், மெல்லிய இடத்தில் விட்டுவிடும். பாட்டே யந்திரத்தின் வேகத்தைக் கெடுக்கப் பார்க்கிறது.

இதற்குப் பரிகாரம், ஜேம்ஸ் வாட் நீராவி யந்திரத்தில் கையாண்ட கவர்னர் என்ற பழைய உபாயத்தின் சிறு வடிவம். மோட்டாரின் பல்சக்கரங்களால், தட்டைவிடப் பல மடங்கு விரைவாகச் சுழலும் மெல்லிய தண்டு ஒன்று. அதைச் சுற்றி மூன்று எஃகுப் பட்டைகள். ஒவ்வொரு பட்டையின் நடுவிலும் ஒரு சிறு உலோகக் குண்டு. பட்டைகளின் ஒரு முனை தண்டில் நிலையாகவும், மறுமுனை தண்டின்மேல் வழுக்கி நகரக்கூடிய ஒரு வட்டிலோடும் பொருத்தப்பட்டிருக்கும். திருவிழா ராட்டினம் வேகங்கொள்ளும்போது தொட்டில்கள் வெளிநோக்கி விலகுவதைப்போல் குண்டுகள் விலகும்; பட்டைகள் வில்லாக வளையும்; வளைந்த பட்டைகள் வட்டிலை இழுக்கும்; இழுபட்ட வட்டில், பக்கத்தில் காத்திருக்கும் தோல் அல்லது கம்பளித் திண்டின்மேல் உராயும். வேகம் தணிந்ததும் குண்டுகள் அடங்கி, உராய்வு விலகும். திண்டு நிற்கும் இடத்தை ஒரு திருகாணியால் முன்னும் பின்னும் தள்ளினால், எந்த வேகத்தில் உராய்வு தொடங்கவேண்டும் என்பதை நாமே நிர்ணயிக்கலாம். கிராமபோன்களின் தட்டருகே இருந்த வேகக் குமிழ் இந்தத் திண்டைத்தான் அசைத்தது.

கவர்னருக்கு வேகத்தைக் குறைக்கத் தெரியும். கூட்டத் தெரியாது என்பதை இங்கே ஊன்றிக் கவனிக்கவேண்டும். ஆகவே சீரான வேகம் வேண்டுமானால், மோட்டாரிடம் எப்பொழுதும் தேவைக்கு மேற்பட்ட சக்தி இருந்தாகவேண்டும். மிகுந்த சக்தியைக் கவர்னர் உராய்விலே வெப்பமாக்கி வீணடித்துக்கொண்டே இருக்கவேண்டும். உரத்த இடத்தில் முள் இழுக்கும்போது கவர்னர் தன் உராய்வைத் தளர்த்தி அந்தச் சேமிப்பிலிருந்து கொடுக்கிறது. மெல்லிய இடத்தில் திரும்ப எடுத்துக்கொள்கிறது. ஒன்றுக்கு இரண்டாகவும் மூன்றாகவும் வில்சுருள்களை அடுக்கிய பெரிய மோட்டார்கள் செய்யப்பட்டது அதிக நேரம் ஓடுவதற்காக மட்டுமன்று, இந்தச் சேமிப்பு வில் தளர்ந்த நிலையிலும் வற்றாமல் இருப்பதற்காகவும்தான். திண்டுக்கு ஒரு துளி எண்ணெய் இடத் தவறினால் கவர்னர் விக்கி விக்கிப் பிடிக்கும், பாட்டு நடுங்கும். பழுது பார்ப்போர் பழைய கிராமபோனில் முதலில் தொட்டுப் பார்ப்பது இந்த இடத்தையே.

தட்டின் பொருளும் இதே காலத்தில் மாறியது. பெர்லினர் முதலில் கெட்டி ரப்பரில் தட்டுகளை அச்சிட்டார். சுவடு சில இடங்களில் சரியாகப் பதியாமற்போயிற்று. 1895 வாக்கில், பொத்தான் செய்யும் தொழிலில் வழங்கிவந்த அரக்குக் கலவையைக் கையாளத் தொடங்கினார். மரக்கிளைகளில் ஒரு பூச்சி கசியும் அந்த அரக்கு, பெரும்பாலும் நமது நாட்டுக் காடுகளிலிருந்தே உலகுக்குச் சென்றது. உலகத்தின் எந்த மூலையில் யார் பாடிய தட்டாயினும் அதில் சோட்டா நாகபுரிக் காட்டின் பங்கு இருந்திருக்கக்கூடும். அரக்கோடு கல்மாவும் பஞ்சிழையும் விளக்குக் கரியும் சேர்ந்தன. கல்மா வேண்டுமென்றே சேர்க்கப்பட்டது: நாலு அவுன்ஸுக்குக் குறையாத பளுவைத் தாங்கிவரும் எஃகு முள், முதல் சில சுற்றுகளிலேயே அந்தச் சொரசொரப்பில் தேய்ந்து சுவட்டின் வடிவத்துக்குப் பொருந்திவிடவேண்டும், தேயவேண்டியது முள்ளே அன்றித் தட்டு அன்று. ஒவ்வொரு பக்கத்துக்கும் புது முள் போடவேண்டும் என்று தட்டின் உறையில் அச்சிட்டிருந்ததை வியாபாரத் தந்திரமென்று அலட்சியம் செய்தவர்கள் தங்கள் தட்டுகளையே அரைத்து முடித்தார்கள்.

கிராமபோனைக் காது கொடுத்துக் கேட்கும் நாயைப் பிரான்ஸிஸ் பாரோ 1899-இல் வரைந்து முடித்த படத்தை அறியாதார் நம்மில் இல்லை. அந்த நாயின் எதிரே இருக்கும் யந்திரத்தை ஒருமுறை உற்று நோக்கினால், முள்ளையும் அதிர்தகட்டையும் தாங்கிய ஒலிப்பெட்டியோடு புனலின் குறுகிய வாய் நேரே இணைந்திருப்பதையும், இரண்டையும் ஒரு மரக்கை தாங்கி நிற்பதையும் காணலாம். முள் உள்நோக்கி நகர நகர, புனலும் கூடவே நகரவேண்டும். அத்தனை பளுவையும் தள்ளும் வேலை சுவட்டின் சுவருக்கு. புனலைப் பெரிதாக்கினால் சப்தம் வளரும், ஆனால் தட்டு தேயும். இந்தச் சிக்கலை ஜான்ஸன் அறுத்த விதம் அழகானது. புனலைப் பெட்டியின் பின்புறத்துத் தாங்கியில் அசையாமல் நிறுத்திவிட்டு, அதற்கும் ஒலிப்பெட்டிக்கும் இடையே கிடைமட்டமாகத் திரும்பக்கூடிய வெற்றுக் குழாய் ஒன்றை இணைத்தார். அதுவே டோன் ஆர்ம் எனப்பட்டது. அந்தக் குழாயையும் ஒரே பருமனாக விடாமல், ஒலிப்பெட்டியருகே குறுகத் தொடங்கிப் புனலை அடையும்வரை சிறிது சிறிதாக விரியும்படி அமைத்தார். குழாயின் பருமன் திடீரென்று மாறும் இடத்தில் ஒலியலையின் ஒரு பகுதி மோதித் திரும்பிவிடும். படிப்படியாக விரிந்தால் அலை தடையின்றிச் செல்லும். கைபோல் தோன்றிய அந்த உறுப்பு உண்மையில் புனலின் முதற் பகுதியாகவே ஆகிவிட்டது. 1903-இல் விண்ணப்பித்த இந்த அமைப்பின் பலத்தில்தான், 1901-இல் தொடங்கப்பட்டிருந்த அவருடைய விக்டர் கம்பெனி மற்றவர்களை முந்தியது.

இனி உரத்தைப் பற்றிப் பேசலாம். அதைக் கூட்டுவதற்குச் செய்யப்பட்ட துணிகரமான முயற்சி ஒன்று தனியே சொல்லத்தக்கது. ஹொரேஸ் ஷார்ட் என்பவர் தொடங்கிவைத்து, நீராவிச் சுழலியைக் கண்ட சார்ல்ஸ் பார்ஸன்ஸ் செம்மைப்படுத்திய ஆக்ஸெட்டோபோன் என்ற யந்திரத்தில், முள் அதிர்தகட்டை ஆட்டவில்லை. சீப்புப் பற்களைப் போன்ற நுண்ணிய வால்வு ஒன்றை ஆட்டியது. அழுத்திய காற்று அந்த வால்வின் வழியே பீறிட்டுப் புனலுக்குள் போகும். முள் அசைவதற்கேற்பக் காற்றின் பாய்ச்சல் கூடிக் குறையும். முள் கொடுப்பது ஆணை மட்டுமே; சக்தியைக் காற்று கொடுத்தது. மின்பெருக்கிக்கு முன்பே உண்மையான பெருக்கி என்று இதைச் சொல்லலாம். மைதானத்தில் கூடிய ஜனங்களுக்கெல்லாம் கேட்டது. ஆனால் காற்றின் சீறலும் ஓயாமல் கேட்டது. காற்றை அழுத்தும் மோட்டாரையும் சுமந்துகொண்டு அது வீடுகளுக்குள் நுழைய முடியவில்லை.

வீடுகளில் பிரச்சினை நேர்மாறானது. மண்டபத்துக்குப் போதாத சப்தம் சிறிய அறைக்கு மிகையாயிற்று. புனலின் வாயில் கனத்த துணியைத் திணிப்பதே பலருக்குத் தெரிந்த வழி. 1906-இல் வந்த விக்ட்ரோலா என்ற அலமாரி யந்திரத்தில் ஜான்ஸன் புனலைக் கீழ்நோக்கித் திருப்பிப் பெட்டிக்குள்ளேயே மறைத்து, அதன் வாய்க்கு இரண்டு சிறு கதவுகள் வைத்தார். திறந்தால் உரக்கவும், சாத்தினால் தணிந்தும் கேட்கும். மேல்மூடியையும் மூடிவிட்டால் முள்ளின் உராய்வொலியும் அடங்கும். எடிசன் 1912-இல் வெளியிட்ட வைர முள் யந்திரத்திலோ, புனலின் தொண்டைக்குள் ஒரு கம்பளி உருண்டையைக் கம்பியால் நுழைக்கவும் இழுக்கவும் முடிந்தது. எட்ட நின்று ஒரு பிடியைத் தள்ளினாற் போதும். பார்ப்பதற்கு இது மிக நேர்த்தியான ஏற்பாடு.

ஆயினும் இவ்விரண்டையும்விட, மேஜைமேல் ஒரு தகர டப்பாவில் கிடந்த முட்களே மேலான கருவி என்பது என் தீர்மானம். தடித்துக் குட்டையான முள் சுவட்டின் நெளிவை முழுவதும் கொண்டுபோய்த் தகட்டில் சேர்க்கும். மெலிந்து நீண்ட முள் தானே வளைந்து கொடுத்து ஒரு பகுதியை விழுங்கிவிடும். உரத்தது, நடுத்தரம், மெல்லியது என்று வகை வகையாக அவை விற்கப்பட்டன. மூங்கிலை முக்கோணமாகச் சீவிய முட்களும், அவற்றின் நுனியைப் புதுப்பிக்கத் தனிக் கத்தரியும் கிடைத்தன. மூங்கில் முள்ளில் மேல்ஸ்தாயிகளின் பளிச்சென்ற தன்மை குறையும். அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் கதவும் கம்பளி உருண்டையும் என்ன செய்கின்றன? முழுச் சக்தியையும் சுவட்டிலிருந்து பறித்து, அதற்குரிய தேய்மானத்தையும் தட்டுக்கு இழைத்துவிட்டு, பிறந்துவிட்ட ஒலியை வெளியே வராமல் தடுக்கின்றன. மூங்கில் முள் தொடக்கத்திலேயே குறைவாக எடுக்கிறது, தட்டும் பிழைக்கிறது. எந்த இடத்தில் கட்டுப்படுத்துகிறோம் என்பது எவ்வளவு கட்டுப்படுத்துகிறோம் என்பதைப் போலவே முக்கியமானது.

ஒலிப்பெட்டியின் கதை சிறியது, ஆனால் நுணுக்கம் மிகுந்தது. காக்காப்பொன் என்று நம்மவர் வழங்கும் அப்பிரகத்தில் மெல்லிய வட்டத் தகடு. அதன் விளிம்பை இருபுறமும் அணைத்துப் பிடிக்கும் ரப்பர் வளையங்கள். முள்ளைப் பற்றிய சிறு நெம்புகோல் ஒன்றின் மறுமுனை தகட்டின் நடுவில். உயர்ந்த ரக அப்பிரகத்தின் பெரும்பகுதி அந்நாளில் பீஹாரிலும் அன்றைய சென்னை ராஜதானியைச் சேர்ந்த நெல்லூரிலும் வெட்டியெடுக்கப்பட்டது. ரப்பர் வளையம் இறுகினால் தகடு தளைப்பட்டு ஒலி கம்மும், தளர்ந்தால் கலகலக்கும், ஆண்டுகள் கழிந்து ரப்பர் கெட்டிப்பட்டால், நல்ல யந்திரமும் கரகரக்கும். எவ்வளவு திருத்தினாலும் ஒரு குறை மட்டும் நின்றது. ஒவ்வொரு தகட்டுக்கும் தனக்கே உரிய ஒரு ஸ்வரம் உண்டு. பாட்டில் அந்த ஸ்வரம் வரும்போதெல்லாம் யந்திரம் வேண்டாத உற்சாகத்தோடு அலறியது.

இந்த அலறலை ஒழித்தது கைப்பழக்கமன்று, கணிதம். ராலே பிரபு ஒலியைப் பற்றிய தமது பெருநூலின் முதற் பாகத்தை வெளியிட்டதும் எடிசனின் யந்திரம் பேசியதும் ஒரே ஆண்டு, 1877. இரண்டும் ஒன்றையொன்று சந்திக்க ஏறக்குறைய அரை நூற்றாண்டு பிடித்தது. புனலுக்குள் காற்றின் எதிர்ப்பை மின்சுற்றின் எதிர்ப்பைப் போலவே கணக்கிடலாம் என்று ஆர்தர் கார்டன் வெப்ஸ்டர் 1919-இல் எழுதினார். அதன்பின், டெலிபோன் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த மாக்ஸ்பீல்டும் ஹாரிஸனும் கிராமபோன் முழுவதையும் ஒரு டெலிபோன் கம்பியாகவே பாவித்தார்கள்: முள்நெம்புகோலின் பளு இன்ன மின்னுறுப்புக்குச் சமானம், தகட்டு விளிம்பின் நெகிழ்ச்சி இன்னதற்குச் சமானம், ஒலிப்பெட்டிக்குள் அடைந்த காற்று இன்னதற்குச் சமானம் என்று ஒவ்வொன்றாக எழுதி, ஓரிடத்திலும் சக்தி மோதித் திரும்பாதபடி அளவுகளைப் பொருத்தினார்கள். அப்பிரகம் போய், நெளிவுகள் கொண்ட அலுமினியக் கலவைத் தகடு வந்தது. நெம்புகோல் நுண்குண்டுகளின்மேல் சுழன்றது.

புனலுக்கும் புது விதி கிடைத்தது. சமதூரம் செல்லுந்தோறும் பரப்பு ஒரே விகிதத்தில் பெருகிக்கொண்டே போகும் வடிவமே, கனத்த ஒலிகளையும் விடாமல் வெளியேற்றும். ஆனால் அந்த வடிவம் இடத்தைக் கேட்கும். விநாடிக்கு 100 அதிர்வுள்ள ஒலியின் அலைநீளம் சுமார் 3.4 மீட்டர், அதை நேர்மையாக வெளியிடப் புனல்வாயின் சுற்றளவு ஏறக்குறைய அவ்வளவே இருக்கவேண்டும், அதாவது ஒரு மீட்டருக்கு மேற்பட்ட விட்டம். நீண்ட அந்தப் புனலை மடக்கி மடக்கி ஓர் அலமாரிக்குள் அடக்கி, விக்டர் கம்பெனியார் 1925 நவம்பரில் ஆர்த்தோபோனிக் விக்ட்ரோலா என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். ஏறத்தாழ 100 அதிர்விலிருந்து 5,000 அதிர்வு வரையுள்ள ஒலிகளை அது எழுப்பியது; அதுவரை தட்டிலே பெயரளவுக்கு இருந்த கனத்த நாதங்கள் கூடத்தில் கேட்டன. அதற்குள் ஒரு வால்வு இல்லை, ஒரு மின்கம்பி இல்லை.

அதே சமயத்தில் ஒலிப்பதிவிலும், பிறகு மீட்பிலும், மின்சாரம் நுழைந்தது. முள் இனிச் சக்தியைச் சுமக்க வேண்டியதில்லை, செய்தியைச் சுமந்தாற் போதும் என்றாயிற்று. அப்பிரகமும் புனலும் விடைபெற்றன, முள்ளின் பளு ஆண்டுக்காண்டு குறைந்தது. மின்மோட்டார் வந்தபின் தட்டின் வேகமும் 78 என்று நிலைபெற்றது. அதற்கு முன் அறுபது எழுபதிலிருந்து நூறுவரை அவரவர் விருப்பப்படி பதித்திருந்தார்கள். மின்சாரம் எட்டாத ஊர்களுக்காகச் சாவி கொடுக்கும் கைப்பெட்டிகள் மட்டும் தொடர்ந்து செய்யப்பட்டன. 1931-இல் ஹெச்.எம்.வி. கம்பெனியார் வெளியிட்ட 102 என்ற எண்ணுள்ள பெட்டி அவற்றுள் சிறந்தது: மடித்த புனல் பெட்டியின் உள்ளேயே அமைந்திருந்தது, ஒலிப்பெட்டியில் உலோகத் தகடு இருந்தது, தட்டுக்கடியில் பட்டைகளும் குண்டுகளுமாக ஜான்ஸன் காலத்துக் கவர்னர் அப்படியே சுழன்றுகொண்டிருந்தது.